புளூசும் பாஹும்: ஓர் இசைத்தட்டு உணர்த்தும் வரலாறு

ஜாஸ் இசையையும் ஐரோப்பிய செவ்வியல் இசையையும் இணைக்கும் முயற்சிகள் பற்றிய விவாதங்கள் பல, ஓர் எடுகோளை ஆராயாமலே ஏற்றுக்கொள்கின்றன. செவ்வியல் இசை உயர்ந்தது. ஜாஸ் அதனைச் சார்ந்து மதிப்புப் பெற முனைகின்றது என்பதே அது. மொடேர்ன் ஜாஸ் குவார்ட்டெற் என்னும் நால்வர் குழு 1973 இல் ஒலிப்பதிவு செய்த 'புளூஸ் ஒன் பாஹ்' என்ற இசைத்தட்டினைக் கொண்டு இவ்வெடுகோளைப் பரிசீலிப்போம்.

பியானோ வாசித்த ஜோன் லூயிஸ், வைப்ரபோன் வாசித்த மில்ட் ஜக்சன், டபிள் பேஸ் வாசித்த பேர்சி ஹீத், 1955 இல் கென்னி கிளார்க்கின் இடத்துக்கு வந்த டிரம்ஸ் கலைஞர் கொனி கே ஆகிய நால்வரும் கறுப்பின அமெரிக்கர்கள். 1952 இலேயே இக்குழு, ஒரு குரல் தொடங்கும் மெட்டினை ஏனைய குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்கும் 'ஃபியூக்' வடிவில் 'வென்டோம்' என்ற ஆக்கத்தைப் பதிவுசெய்தது. இத்தகைய இணைப்புகளுக்கு 1957 இல் கந்தர் ஷுல்லர் 'மூன்றாவது நீரோட்டம்' எனப் பெயரிட்டார். மாலைநேர உடையணிந்து கச்சேரி மண்டபங்களில் வாசித்த இவர்கள், ஜாசின் உயிர்ப்பை இழந்துவிட்டனர் எனச் சிலர் குறைகூறினர். ஆனால், நிறப்பாகுபாடு தென் மாநிலங்களிற் சட்டமாகவே நிலவிய காலத்தில், கறுப்பினக் கலைஞர் அவ்வுடையில் அம்மேடையேறியமை தம் கலைக்குரிய கௌரவத்தைக் கோரிய செயல் என்பதனை நாம் மறத்தலாகாது.

மேற்படி இசைத்தட்டில் ஒன்பது ஆக்கங்கள் உள்ளன. யொகான் செபஸ்தியன் பாஹின் இசையைத் தழுவியவை ஐந்து. அவற்றினிடையே ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த புளூஸ் ஆக்கங்கள் நான்கு. ஜேர்மன் சுரப்பெயர் வழக்கில் 'பாஹ்' என்னும் பெயரின் நான்கு எழுத்துகளும் நான்கு சுரங்களைக் குறிப்பன. அந்நான்கு சுரங்களையுமே நான்கு புளூஸ் ஆக்கங்களும் முறையே ஆதாரமாகக் கொண்டுள்ளன. இங்கு ஒன்று மற்றொன்றினுட் கரைந்துவிடவில்லை. இரண்டும் சமநிலையில் அருகருகே நிற்கின்றன.

இச்சமநிலைக்கு வரலாற்று அடிப்படையும் உண்டு. பாஹின் காலத்தில், பக்கவாத்தியமாக விசைப்பலகை வாசிப்போரின் முன் பெரும்பாலும் எழுதப்பட்டிருந்தவை அடிக்குரலும் சில எண்களுமே. எஞ்சிய சுரங்களை அவர்கள் அவ்வேளையிலேயே இட்டு நிரப்பினர். சுரக்கூட்டுக் குறியீடுகளைப் பார்த்து வாசிக்கும் ஜாஸ் கலைஞர் செய்வதும் ஏறத்தாழ இதுவே. பாஹ் 1747 இல் பொற்ஸ்டாம் அரண்மனையில், மன்னர் பிரெடெரிக் அளித்த மெட்டின்மீது அவ்விடத்திலேயே மூன்று குரல் ஃபியூக் ஒன்றை வாசித்தார். பன்னிரண்டு அளவுகளைக் கொண்ட சுரக்கூட்டு வரிசையின்மீது ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகக் கற்பனை செய்யும் புளூஸ் கலைஞருக்கு இம்மனோதர்மம் அந்நியமானதன்று. அச்சிட்ட இசைப்பிரதியும், நடுத்தர வர்க்கத்தின் கச்சேரி மண்டபமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலோங்கியபோதே, ஆக்குவோன் வேறு, வாசிப்போன் வேறு என்ற பிரிவினை ஐரோப்பாவில் இறுகியது. எனவே, 'உயர்ந்த' இசைக்கும் 'தாழ்ந்த' இசைக்கும் இடையே கற்பிக்கப்படும் எல்லை இசையின் இயல்பன்று. சமூக வரலாற்றின் விளைவு.

ஆயினும், வடிவங்களின் சமத்துவம் கலைஞனின் உழைப்புக்குச் சமத்துவம் வழங்கிவிடுவதில்லை. இவ்விசைத்தட்டு வெளிவந்த 1974 ஆம் ஆண்டிலேயே குழு கலைந்தது. ரொக் இசைக்குழுக்கள் பெருந்தொகை ஈட்டிய அக்காலத்தில், இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்தும் போதிய வருவாய் கிட்டாமை ஜக்சன் விலகியதற்கு முக்கிய காரணமாயிற்று. 1981 இலேயே நால்வரும் மீண்டும் இணைந்தனர். இசைக்கலப்பினை அழகியற் பிரச்சினையாக மட்டும் நோக்குவோர், கலைஞனின் வாழ்வாதாரம் என்னும் இம்மறுபாதியைக் காணத் தவறுவர். இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கும்போதே இசை வரலாறு முழுமை பெறும் என்பது நமது கருத்தாகும்.