எனிக்மெயில் முதல் தண்டர்பேர்ட் 78 வரை: அஞ்சல் மறையாக்கமும் கேரள எல்லைத் தமிழரும்

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளின் கணினி அறைகளில் ஒரு மறையாக்கக் கருவி பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. கேரள அரசு 2001-02இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் படிப்படியாக டெபியன், உபுண்டு வழிவந்த குனு/லினக்ஸுக்கு மாறியது. 2017இல் அத்திட்டமே கைட் என்னும் அரசு நிறுவனமானது. இந்த இயங்குதளத்தில் மென்பொருளைப் புதுப்பிக்கும்போதெல்லாம், தொகுப்புப் பட்டியலில் இடப்பட்ட கையொப்பத்தைக் கணினி சரிபார்க்கிறது. சரிபார்க்கும் கருவி ஜிபிஜி எனப்படும் குனு பிரைவசி கார்ட்.

ஆக, கருவி மூணாறு வரை வந்துவிட்டது. ஆனால் அதே கணினியிலிருந்து ஓர் ஆசிரியர் தம் மின்னஞ்சலைப் பூட்டி அனுப்புவது அரிய செயலாகவே இருந்தது. ஏன்? கணிதம் 1990களிலேயே தயாராக இருந்தது. அஞ்சல் நிரலும் மறையாக்க நிரலும் தனித்தனி வீடுகளில் குடியிருந்ததும், அவற்றை ஒரே கூரைக்குள் கொண்டுவர உரிமங்கள் இடம் தராததுமே காலத்தை விழுங்கின என்பது என் வாதம்.

முன்கதை சுருக்கமானது. அமெரிக்கரான ஃபில் சிம்மர்மன் 1991இல் பிஜிபி என்ற மறையாக்க நிரலை வெளியிட்டார். மறையாக்கத்தைப் படைக்கலமாகக் கருதிய அந்நாட்டு ஏற்றுமதிச் சட்டத்தின்கீழ் அவர்மீது தொடங்கிய விசாரணை 1996இல் கைவிடப்பட்டது. 1998இல் அதன் வழிவந்த ஓப்பன்பிஜிபி பொதுத் தரமாக ஆனது. ஜெர்மனியின் வெர்னர் கோக் அதன் கட்டற்ற வடிவமாக ஜிபிஜியை எழுதி, 1999இல் 1.0 பதிப்பை வெளியிட்டார்.

கருவி கிடைத்தபின் அதை அஞ்சல் நிரலோடு இணைக்கும் வேலை எஞ்சியது. மொசில்லா அஞ்சலுக்காக 2001இல் எனிக்மெயில் என்ற நீட்சியைத் தொடங்கியவர் ராமலிங்கம் சரவணன். தமிழில் இந்த வரலாற்றைச் சொல்லும்போது இந்தப் பெயரை விட்டுவிடக் கூடாது. 2003 முதல் பேட்ரிக் புருன்ஷ்விக் பொறுப்பேற்று, ஏறத்தாழ 17 ஆண்டுகள் அதைக் காத்து வளர்த்தார். 2004 டிசம்பரில் மொசில்லாவின் அஞ்சல் நிரலான தண்டர்பேர்ட் 1.0 வந்தபோது, அதில் ஓப்பன்பிஜிபி வேண்டுவோருக்கு எனிக்மெயிலே வழி.

எனிக்மெயில் தானாக எதையும் பூட்டாது. எழுதிய கடிதத்தை வாங்கிப் பின்னணியில் ஜிபிஜியிடம் கொடுக்கும். பூட்டப்பட்டதைத் திரும்ப வாங்கி அஞ்சலில் வைக்கும். பயனர் மூன்றையும் நிறுவ வேண்டும்: தண்டர்பேர்ட், நீட்சி, ஜிபிஜி. குனு/லினக்ஸில் ஜிபிஜி ஏற்கெனவே இருந்ததால் சுமை குறைவு. விண்டோஸில் தனியே தேடிப் பிடித்து நிறுவ வேண்டும். மூன்றில் ஒன்று புதுப்பிக்கப்பட்டு மற்றொன்று பின்தங்கினால் பொருத்து கழன்றுவிடும். இதற்கு முன்பே, 1999இல், ஆல்மா விட்டனும் டைகரும் வெளியிட்ட ஆய்வு ஓர் எச்சரிக்கை விடுத்திருந்தது. பிஜிபி 5.0ஐப் பயன்படுத்தச் சொல்லிப் பன்னிரண்டு பேரைச் சோதித்ததில், பெரும்பாலோர் கொடுத்த ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரு கடிதத்தைச் சரியாகக் கையொப்பமிட்டுப் பூட்டத் திணறினார்கள். அவர்கள் எல்லாரும் மின்னஞ்சல் பழகியவர்கள்தாம்.

தமிழில் எழுதியவர்களுக்குக் கூடுதலாக இன்னொரு தொல்லை. பழைய வழக்கப்படி பூட்டிய எழுத்தைக் கடிதத்தின் உடலிலேயே ஒட்டி அனுப்பினால், அது எந்த எழுத்துக் குறியாக்கத்தில் எழுதப்பட்டது என்ற தகவல் வழியில் தொலைந்துபோக வாய்ப்புண்டு. ஆங்கிலக் கடிதத்துக்கு அதனால் சேதமில்லை. தமிழோ அப்போது திஸ்கி, டாப், டாம், யூனிகோடு எனப் பல குறியாக்கங்களில் சிதறிக் கிடந்தது. சாவி சரியாக இருந்தும், பெறுபவர் திறந்து பார்க்கும்போது உருத்தெரியாத எழுத்துக் குவியல் வரலாம். பூட்டாமல் கையொப்பம் மட்டும் இட்டால், இடையிலுள்ள வழங்கி வரிகளை மாற்றி மடித்துக் கையொப்பத்தைச் செல்லாததாக்கிவிடலாம். பிஜிபி/மைம் முறை குறியாக்கத் தகவலையும் சேர்த்தே பூட்டுவதால் இச்சிக்கல் தீர்ந்தது. 2001இலேயே அதன் திருத்திய தரம் வெளிவந்துவிட்டது. பரவத்தான் ஆண்டுகள் ஆயின.

எல்லைப் பகுதிக்கு இது சிறிய செய்தி அல்ல. 1956 நவம்பர் 1 மொழிவழிப் பிரிப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அங்குள்ள தமிழர், சிறுபான்மைப் பகுதிகளின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்பது 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் அதன் திருத்தமும் தந்த உரிமை. தாளில் உள்ள அந்த உரிமை மின்னஞ்சலிலும் நிற்க வேண்டுமானால், பட்டா விவரமோ சாதிச் சான்றிதழோ சுமந்த தமிழ்க் கடிதம் சிதையாமல், இடையில் யாரும் படிக்காமல் போய்ச்சேர வேண்டும்.

மூன்றையும் தனித்தனியே நிறுவும் சுமையைத் தவிர்க்க, ஜிபிஜியையே தண்டர்பேர்டோடு கட்டி வழங்கியிருக்கலாமே என்று தோன்றும். ஜிபிஜியின் உரிமம் ஜிபிஎல். தண்டர்பேர்டினுடையது மொசில்லா பொது உரிமம். இரண்டையும் ஒரே பொதியாக வழங்க முடியாது என்பது தண்டர்பேர்ட் குழுவின் நிலைப்பாடு. இரண்டுமே கட்டற்ற மென்பொருள். ஆனாலும் ஒன்றையொன்று தொட முடியவில்லை. 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது முதல் இந்த இயக்கத்தைப் போற்றிவந்த கேரளத்தில், இந்த முரண் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

மாற்றத்தைக் கொண்டுவந்தது ஒரு நெருக்கடி. மொசில்லா தன் பழைய நீட்சி அமைப்பைக் கைவிட்டது. எனிக்மெயில் அதன்மேல்தான் நின்றது. அதை முழுதாகத் திருப்பி எழுத ஆள்பலம் இல்லை. 2019 அக்டோபரில் தண்டர்பேர்ட் குழு, அடுத்த பெரும் பதிப்பில் ஓப்பன்பிஜிபியை நிரலுக்குள்ளேயே வைப்பதாக அறிவித்தது. புருன்ஷ்விக்கும் அந்த வேலைக்குத் துணைநின்றார். ஜிபிஜிக்குப் பதிலாக, ரிபோஸ் நிறுவனம் வளர்த்த ஆர்என்பி என்ற நூலகம் தேர்வானது. அதன் உரிமம் தடை சொல்லவில்லை. 2020 ஜூலை 17 அன்று தண்டர்பேர்ட் 78 வெளிவந்தது. ஆகஸ்ட் இறுதியில் வந்த 78.2.1 பதிப்பில் வசதி இயல்பாகவே இயங்கத் தொடங்கியது.

இப்போது கணக்கு அமைப்புகளுக்குப் போய்ப் புதிய சாவி கேட்டால், 3072 பிட் ஆர்எஸ்ஏ சாவியை மூன்றாண்டு ஆயுளோடு நிரலே உருவாக்கித் தருகிறது. பூட்டிய கடிதத்தின் தலைப்பும் சேர்ந்து பூட்டப்படுகிறது. வழியில் பார்ப்பவருக்கு அந்த இடத்தில் மூன்று புள்ளிகள்தான் தெரியும். அனுப்புவது பிஜிபி/மைம் முறையில் மட்டுமே. தமிழுக்கு இந்த ஒரு முடிவு பெரிய வரம்.

இழப்பும் உண்டு. ஒருவர் சாவியை மற்றொருவர் கையொப்பமிட்டு உறுதிசெய்யும் நம்பிக்கை வலையைப் புதிய அமைப்பு பயன்படுத்தவில்லை. ஏற்கலாமா வேண்டாமா என்பதை ஒவ்வொரு சாவிக்கும் பயனரே குறிக்க வேண்டும். ஸ்மார்ட் கார்டில் சாவி வைத்திருப்போர் மறுபடியும் வெளியிலுள்ள ஜிபிஜியையே நாடவேண்டும். இன்னும் கவலைக்குரியது 2021இல் நடந்தது. 78.8.1 முதல் 78.10.1 வரையான பதிப்புகளில் இறக்குமதி செய்த அந்தரங்கச் சாவிகள் வட்டில் பாதுகாப்பின்றிச் சேமிக்கப்பட்டன. முதன்மைக் கடவுச்சொல் வைத்திருந்தவர்களுக்கும் அது காப்பாகவில்லை. 78.10.2இல் பிழை திருத்தப்பட்டது. முன்பு ஜிபிஜி சுமந்த பொறுப்பு முழுவதும் ஒரே நிரலின் தலையில் ஏறியதன் விலை இது. பள்ளியிலும் இணைய மையத்திலும் ஒரே கணினியைப் பலர் பகிரும் இடத்தில், முதன்மைக் கடவுச்சொல் இல்லாமல் சாவி உருவாக்குவது ஆபத்து என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சட்டத்தின் பக்கமும் தெளிவு தேவை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, பூட்டிய தகவலைத் திறக்க உதவுமாறு உத்தரவிட அரசுக்கு அதிகாரம் தருகிறது. மறுப்பவருக்கு ஏழாண்டு வரை சிறை. 2015 செப்டம்பரில் வெளியான தேசிய மறையாக்கக் கொள்கை வரைவு, பூட்டும் முன்பான மூல வாசகத்தைத் தொண்ணூறு நாள் வைத்திருக்கச் சொன்னது. எதிர்ப்புக் கிளம்பவே சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் மறையாக்கத்தைப் பயன்படுத்துவது குற்றமல்ல. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் தன் பிஜிபி பொதுச்சாவியைத் தானே வெளியிட்டு, அதில் பூட்டிய அஞ்சலை வரவேற்கிறது. பைனாவிலுள்ள இடுக்கி ஆட்சியர் அலுவலகமும் பாலக்காடு ஆட்சியர் அலுவலகமும் தங்கள் மின்னஞ்சல் முகவரியின் அருகில் ஒரு பொதுச்சாவியை வெளியிட்டால், வட்டவடையிலிருந்தோ கொழிஞ்சாம்பாறையிலிருந்தோ பூட்டிய தமிழ் மனுவை அனுப்பத் தனிக் கருவி எதுவும் வேண்டியதில்லை.