மாசமா இருந்தவ போயிட்டா

2021 ஆகஸ்டில் ஓர் அரசு மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மடியில் அக்காவின் துணிப்பை. அக்கா உள்ளே இருந்தாள். 36ஆவது வாரம், கோவிட், ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையிலிருந்து நோயைக் கொண்டுவந்த மாமா கையில் இளஞ்சிவப்புப் பட்டையோடு வீட்டில் அடைபட்டிருந்தார். நான் ஆயர் குரோவில் தனியாக வாடகைக்கு இருந்ததால் பை கொடுக்கும் வேலை எனக்கு. கடைசியில் மாமாவுக்குத்தான் அழைப்பு வந்தது. ஆப்ரேசன் முடிந்தது, ஆண் குழந்தை, தாய் இன்னும் ஆக்சிஜனில். அவ்வளவுதான் சொன்னார்கள்.

ஜாசினில் இருந்த பாட்டிக்குப் போன் செய்தேன். மாவட்டம் தாண்ட முடியாத காலம். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்களுக்கெல்லாம் கத்தி வெக்கலப்பா. லயத்துலயே பெத்தோம்." எனக்குக் கோபம் வந்தது. போனை வைக்கப் போனபோது அவரே தொடர்ந்தார்: "எங்கம்மாவ பெத்தவ இப்படித்தான் போனாளாம். விஷக்காய்ச்சல் வந்த வருஷம். மாசமா இருந்தவ போயிட்டா. எங்கம்மாவுக்கு அப்ப ஆறு வயசு."

பாட்டி சொன்ன இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அதைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

*

மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் முதலில் நடப்பட்ட இடம் மலாக்கா. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் கித்தா மரம் வைத்தார். பின் புக்கிட் அசகானில் பெரிய அளவில் வைத்தார். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஜாசின், அலோர் காஜா பக்கமெல்லாம் காடு அழிந்து தோட்டமாகியது. கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் கூட்டி வந்தார்கள். பாட்டியின் வம்சமும் அப்படி வந்ததுதான்.

ஆறு வயதுக் கணக்கைப் பாட்டியின் அம்மா பிறந்த காலத்தோடு பொருத்தினால் விஷக்காய்ச்சல் வருஷம் 1918. அந்த ஆண்டு அக்டோபரில் இன்புளுயன்சாவின் இரண்டாம் அலை மலாயாவில் பரவியது. சில வாரங்களில் வந்து சில வாரங்களில் போய்விட்டது. வரலாற்றாய்வாளர் லியூ காய் கியுன் பிரிட்டிஷ் மலாயாவில் இறந்தோர் எண்ணிக்கையைச் சுமார் 35,000 முதல் 40,000 வரை என மதிப்பிடுகிறார். தோட்டத்து இந்தியத் தொழிலாளர்கள் கடுமையாக அடிபட்டவர்களில் அடக்கம். காரணம் தேட வேண்டியதில்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், ஓர் அறையில் ஒரு குடும்பத்துக்கு மேல், ஏற்கெனவே மலேரியாவாலும் கொக்கிப்புழுவாலும் ரத்தம் வற்றிய உடம்பு.

இதில் கர்ப்பிணிகள் எத்தனை பேர்? அந்தக் கேள்விக்குத் தோட்டக் கணக்கில் இடமில்லை. காலனி அறிக்கைகள் தொழிலாளர் சாவை ஆயிரத்துக்கு இத்தனை என்று எழுதின. பெரட்டில் நிற்க வேண்டியவர்களில் எத்தனை பேர் குறைந்தார்கள் என்பதே அந்தக் கணக்கின் கவலை. பேறுகால மரணத்தைக் கணக்கிட இரண்டு எண்கள் வேண்டும். மேலே இறந்த தாய்மார், கீழே உயிரோடு பிறந்த குழந்தைகள். காய்ச்சலில் இறந்த கர்ப்பிணி காய்ச்சல் கணக்கில் போய்விடுவாள். வயிற்றில் இருந்தது எந்தக் கணக்கிலும் வராது.

வேறோர் இடத்தில் ஒருவர் கணக்கெடுத்திருக்கிறார். அமெரிக்க மருத்துவர் ஜான் ஹாரிஸ் இன்புளுயன்சா கண்ட 1,350 கர்ப்பிணிகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 1919இல் வெளியிட்டார். அவர்களில் 27 சதவீதத்தினர் இறந்திருந்தனர். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நிமோனியா வந்தது. நிமோனியா வந்தவர்களில் பாதிப் பேர் இறந்தார்கள். வளரும் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. நுரையீரலுக்கு இடம் குறைகிறது, உடம்புக்கோ ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். மூச்சைத் தாக்கும் நோய் அங்கேதான் பிடிக்கிறது. 2009இல் வந்த எச்1என்1 காய்ச்சலிலும் இதுவே நடந்தது.

அப்படியானால் 1918இல் ஒரு சிசேரியன் பாட்டியின் பாட்டியைக் காப்பாற்றியிருக்குமா? வாய்ப்பே இல்லை. கருப்பையைத் தைத்து மூடலாம் என்று மாக்ஸ் சாங்கர் 1882இல் காட்டிய பிறகுதான் அந்த அறுவைக்குப் பின் தாய் பிழைப்பது ஓரளவு சாத்தியமானது. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் இன்றைய முறை 1920களில்தான் மன்றோ கெர் போன்றோரால் பரவியது. சல்பா மருந்து 1930களில், பெனிசிலின் 1940களில். இவை எதுவும் இல்லாத நாளில், டிரெஸர் ஒருவரும் கொய்னா மாத்திரையும் மட்டுமே இருந்த தோட்டத்தில், கத்தி வைக்காதது பெருமை இல்லை. வைக்க வழியில்லை.

*

பாட்டியிடம் பிறகு நேரில் கேட்டேன், எத்தனை பிள்ளைகள் என்று. ஐந்து என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்வோம். அவர் ஏழு என்றார். ஒன்று பிறந்தவுடன் போனது, இன்னொன்று வயிற்றிலேயே. "ரெண்டு நாளு வலி. மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. லாரியில ஏத்தி டுரியான் டாவுன் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க. நான் பொழச்சேன்." எங்களுக்கெல்லாம் கத்தி வெக்கல என்ற வாக்கியத்துக்குள் இது இருந்திருக்கிறது.

1950 வாக்கில் மலாயாவில் ஒரு லட்சம் பிறப்புக்கு 500க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 1990களில் அது 50க்கும் கீழே இறங்கிவிட்டது. மலேசியாவும் இலங்கையும் இதைச் சாதித்த விதத்தை உலக வங்கி 2003இல் தனி நூலாகவே வெளியிட்டது. இந்திரா பத்மநாதன் அதன் ஆசிரியர்களில் முதன்மையானவர். பெரிய மருத்துவமனைகளை மட்டும் நம்பி இது நடக்கவில்லை. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் கிராமத்திலேயே இருந்தார்கள். நாட்டு மருத்துவச்சிகளை விரட்டாமல் கூட்டாளியாக்கினார்கள். சிக்கல் வந்தால் ஏற்றிப் போக வண்டி, போய்ச் சேர்ந்த இடத்தில் ரத்தம். ஒவ்வொரு கர்ப்பிணியின் புத்தகத்திலும் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என ஆபத்தின் அளவுக்கு ஒரு நிறம். 1991 முதல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் பெயர் மறைத்து விசாரிக்கும் முறையும் வந்தது. யாரைத் தண்டிப்பது என்பதற்கல்ல, எந்த இடத்தில் தவறியது என்று தெரிந்துகொள்ள.

பொறியாளனாக எனக்கு இந்த விசாரணை முறை மிகவும் பிடித்தது. எங்கள் தொழிலிலும் ஓர் இயந்திரம் நின்றால் அப்படித்தான் பார்க்கிறோம். ஆனால் ஒரு நெருடல். அரசின் கிராமப்புறச் சுகாதாரச் சேவை கம்பங்களை நோக்கி விரிந்தபோது தோட்டம் தனியார் நிலமாக வெளியே நின்றது. அங்கே மருத்துவம் முதலாளியின் பொறுப்பு. சட்டம் சொன்னதால் ஆயாக்கொட்டகையும் பிள்ளைப்பேற்றுப் படியும் வந்தன. தரம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறியது. பாட்டி லாரியில் போனதற்குக் காரணம் அதுதான்.

*

இனி நான் தள்ளிப்போட்ட இடத்துக்கு வருகிறேன்.

2021 நடுப்பகுதியில் கர்ப்பிணிகளுக்கும் தடுப்பூசி போடலாம் என்று அரசு அறிவித்தது. அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவுகள் பறந்தன. அக்கா அவற்றை நம்பவில்லை. என்னிடம் கேட்டாள், "நீ படிச்சவன், சொல்லு, போடவா?" நான்தான் சொன்னேன், "தரவு பத்தாதுக்கா. பிள்ளை பொறந்ததும் போட்டுக்க." அதை நிதானமான, அறிவியல்பூர்வமான பதில் என்று நினைத்துக்கொண்டேன்.

போடாமல் இருப்பதற்கும் ஓர் ஆபத்துக் கணக்கு உண்டு என்பதை நான் பார்க்கவே இல்லை. அந்தக் கணக்கு 1919லிருந்தே அச்சில் இருக்கிறது. மலேசியாவில் 2020இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 24.9 ஆக இருந்த பேறுகால மரணம் 2021இல் 68.2 ஆனது. பல பத்தாண்டுகளாக இறக்கியது ஓராண்டில் ஏறியது. அந்த ஆகஸ்டில் நாட்டில் ஒரு நாளுக்கு 20,000க்கும் மேல் தொற்று. வீடுகளில் வெள்ளைக் கொடி ஏறிய காலத்தின் தொடர்ச்சி அது.

சிசேரியனைப் பற்றியும் தவறாகத்தான் நினைத்திருந்தேன். வூகானிலிருந்து 2020 பிப்ரவரியில் வந்த முதல் ஆய்வில் ஒன்பது கர்ப்பிணிகள். ஒன்பது பேருக்கும் சிசேரியன். அதைப் படித்த உலகம் பயந்துபோய்க் கத்தியை எடுத்தது. கோவிட் என்ற ஒரே காரணத்துக்காக வயிற்றைக் கிழிக்க வேண்டாம், வேறு மருத்துவத் தேவை இருந்தால் மட்டும் செய்யுங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்ல வேண்டி வந்தது. தேவையற்ற சிசேரியன் பெருகுவது உண்மை. 2021இல் உலகப் பிறப்புகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் அப்படி நடந்ததாக அதே நிறுவனம் சொல்கிறது. ஒவ்வொரு வடுவும் அடுத்த பிரசவத்தின் ஆபத்தைக் கூட்டுகிறது. ஆனால் அக்காவுக்கு நடந்தது அந்த வகையல்ல. மூச்சு இறங்கும் தாயின் வயிற்றிலிருந்து குழந்தையை எடுத்தால் குழந்தை தப்பும், தாயின் நுரையீரலுக்கும் சிகிச்சைக்கும் இடம் கிடைக்கும். 1918இல் இல்லாத வழி இது. அன்று மருத்துவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

அக்கா ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தாள். குழந்தைக்குத் தொற்று இல்லை. குளிப்பாட்ட, பத்தியக் குழம்பு வைக்க, மருந்து அரைத்துக் கொடுக்கப் பாட்டியால் வர முடியவில்லை. வீடியோவில் பாட்டி சொல்லச் சொல்ல, பூண்டு உரிக்கத் தெரியாத மாமா மிளகும் மஞ்சளும் வறுத்தார். சுடுதண்ணீரைத் தையல் போட்ட வயிற்றில் ஊற்றலாமா என்று பாட்டிக்கே தெரியவில்லை. கிளினிக் மிஸ்ஸியிடம் கேட்டோம், வேண்டாம் என்றார். 60 நாள் பேறுகால விடுப்பு முடிந்ததும் மூச்சு வாங்க வாங்க வேலைக்குப் போனாள். சட்டம் அதை 98 நாளாக்கியது 2023இல்.

நான் சொன்ன பதிலைப் பற்றி அக்காவிடம் பேச எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. "நீ மட்டுமா சொன்ன, நானும்தான கேட்டேன்" என்றாள். அது மன்னிப்பா என்று தெரியவில்லை. பாட்டிக்குத் தெரிந்திருந்தது, மாசமா இருந்தவள் காய்ச்சலில் போய்விடுவாள் என்று. எங்களில் யாரும் அவரிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது வம்ச வரைபடம் ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறேன். பாட்டியிடம் அவருடைய பாட்டியின் பெயரைக் கேட்டேன். யோசித்துப் பார்த்தார், தெரியவில்லை. அந்தக் கட்டத்தில் பெயர் எழுத முடியவில்லை. "1918, மாசமாக இருந்தாள்" என்று எழுதச் சொன்னது அக்கா.