வெயில் தின்ற கன்றுகள்

ஜெர்சி கலப்பு மாடு வைத்திருப்பவர் யாரிடமாவது வைகாசி மாதத்தில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "மூணு ஊசி போட்டாச்சு, சினை நிக்கவே மாட்டேங்குது" என்பார். ஊசி போட வந்தவர் மேல் ஒரு சந்தேகம், விந்துக் குச்சி மேல் ஒரு சந்தேகம், தீவனத்தின் மேல் ஒரு சந்தேகம் இருக்கும். வெயிலின் பேர் வரிசையில் கடைசியாகத்தான் வரும். அவரைக் குறை சொல்ல முடியாது. விஞ்ஞானிகளுக்கே இது பிடிபட ரொம்ப நாளானது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். கதை நடப்பது பெரும்பாலும் நம்மூரில் இல்லை, தென்னாப்பிரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் ஃபுளோரிடாவிலும்.

வெள்ளைக்காரர்கள் போன இடமெல்லாம் தங்கள் மாட்டையும் கொண்டுபோனார்கள். ஹியர்ஃபோர்டு, ஷார்ட்ஹார்ன், ஜெர்சி எல்லாம் குளிர்ப் பிரதேசத்தில் தேறி வந்த இனங்கள். வெப்பநாட்டில் இறக்கியதும் அவை இளைத்தன, முடி சடை பிடித்தது, ஒழுங்காகக் கன்று போடவில்லை. புல் சரியில்லை, உண்ணி, காய்ச்சல், பராமரிப்பு போதாது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அதெல்லாம் பொய்யும் இல்லை. ஆனால் நல்ல தீவனமும் மருந்தும் கொடுத்த பண்ணைகளிலும் மாடுகள் தேறாமல் போனபோதுதான் சிலருக்கு உறைத்தது.

அந்தச் சிலரில் முக்கியமானவர் யான் போன்ஸ்மா. 1930களின் பிற்பகுதியில் தென்னாப்பிரிக்காவின் வடக்கு டிரான்ஸ்வாலில், மாரா, மெசினா என்ற இரண்டு ஆராய்ச்சி நிலையங்களில் வேலை செய்தவர். மகா வறட்சியான, கடுமையான வெயில் பிரதேசம். அங்கே ஐரோப்பிய இனங்களையும் உள்ளூர் ஆஃப்ரிகானர் மாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உடல் வெப்பம், மூச்சு, நாடித்துடிப்பு, தோலின் தடிமன் என்று வருடக்கணக்கில் அளந்துகொண்டே இருந்தார். எனக்கு ரொம்பப் பிடித்தது அவருடைய முடிச் சோதனை. மாட்டின் முடியைக் கொஞ்சம் எடுத்து, ஈரத்தோடு உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பார். கம்பளி மாதிரித் திரண்டு ஒட்டிக்கொண்டால் அந்த மாடு இந்த வெயிலுக்கு ஆகாது. வழுக்கிக்கொண்டு பிரிந்துபோனால் ஆகும். ஆய்வுக்கூடம் வேண்டாம், காசு வேண்டாம், கை மட்டும் போதும்.

முடி வழவழப்பாக இருந்த மாடுகளே ஒழுங்காகக் கன்று போட்டன, கன்றும் நன்றாக வளர்ந்தது என்பது அவர் கண்டது. அதுவரை கால்நடைக் காட்சிகளில் பரிசு வாங்கியது கொழுகொழுவென்று அடர்ந்த முடியோடு நின்ற காளை. அதைத்தான் அவர் உதவாது என்றார். ஆஃப்ரிகானரோடு ஷார்ட்ஹார்னையும் ஹியர்ஃபோர்டையும் கலந்து ஒரு புதிய இனத்தை உருவாக்கினார்: எட்டில் ஐந்து பங்கு ஆஃப்ரிகானர், மீதி மூன்று பங்கு ஐரோப்பிய ரத்தம். போன்ஸ்மா பேரையும் மாரா பேரையும் ஒட்டவைத்து 'போன்ஸ்மாரா' என்று அதற்குப் பேர் வந்தது. மாட்டைப் பார்த்த மாத்திரத்தில் அது கன்று போடுமா போடாதா என்று சொல்லிவிடலாம் என்கிற அளவுக்கு அவர் பிற்காலத்தில் பேசிக்கொண்டிருந்தார். அது கொஞ்சம் ஓவர் என்பது என் அபிப்பிராயம். முடி விஷயத்தில் மட்டும் மனிதர் சரியாகத்தான் இருந்தார், அது நிரூபணமாக எழுபது வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகு வருகிறேன்.

போன்ஸ்மா முழு மாட்டைப் பார்த்தார். உள்ளே என்ன நடக்கிறது என்பது அமெரிக்கர்களின் வேலையானது. 1971இல் டன்லப், வின்சென்ட் என்ற இருவர் செய்த ஒரு பரிசோதனை இருக்கிறது. இணை சேர்ந்த கிடேரிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்தை 21 டிகிரி அறையிலும் இன்னொன்றை 32 டிகிரி அறையிலும் மூன்று நாள் வைத்தார்கள். அவ்வளவுதான். குளிர்ந்த அறையில் இருந்தவற்றில் 48 சதவீதம் சினை பிடித்தன. சூடான அறையில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. 32 டிகிரி என்பது நமக்கு ஒரு சாதாரண பங்குனி மாதக் காலை, பதினோரு மணி!

ஏன் இப்படி என்பதை ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஹான்சன் குழுவினர் பிரித்துப் பார்த்தார்கள். 1993இல் வந்த அவர்களுடைய ஆய்வில், கருத்தரித்த முதல் நாளில் பசுவுக்கு வெப்பம் கொடுத்தால் கரு அழிந்தது. அதே வெப்பத்தை மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள் கொடுத்தபோது கரு பெரும்பாலும் தாங்கிக்கொண்டது. முதல் ஓரிரு நாளில் கரு என்பது சில செல்கள்தான். தன் சொந்த மரபணுவை அது இன்னும் இயக்க ஆரம்பித்திருக்காது, முட்டையில் அம்மா போட்டுவைத்ததைக் கொண்டு ஓட்டிக்கொண்டிருக்கும். சூட்டிலிருந்து தன்னைக் காக்கும் புரதங்களைத் தானே செய்துகொள்ளும் திறன் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆக மாடு ஊசி போட்ட அன்றும் மறுநாளும் எங்கே கட்டப்பட்டிருந்தது என்பது பெரிய விஷயம். நம்மூரில் ஊசி போட்ட கையோடு மாட்டை வெட்டவெளியில் முளையடித்துக் கட்டிவிட்டுப் போவது சகஜம்.

மறைந்திருந்து தாக்கும் இன்னொரு சங்கதியும் உண்டு. கருமுட்டை ஒரே நாளில் உருவாவதில்லை, பல வாரமாக வளர்ந்துதான் வெளியே வருகிறது. வளரும்போது பட்ட சூடு, வெயில் தணிந்த பிறகும் வேலை செய்யும். அதனால்தான் ஃபுளோரிடாவிலும் இஸ்ரேலிலும் கோடை முடிந்து காற்று குளிர்ந்த பிறகும் ஒன்றிரண்டு மாதம் மாடுகள் சரியாகச் சினை பிடிப்பதில்லை. காளைக்கும் அதே கதைதான். விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதே உடல் சூட்டைவிட நாலைந்து டிகிரி குறைவாக இருக்கத்தான். ஒரு விந்தணு உருவாகிவர சுமார் 61 நாள் ஆகும். சித்திரையில் வாட்டிய வெயிலின் கணக்கு ஆனியில் வரும். காரணம் ஒரு மாதத்தில், விளைவு இன்னொரு மாதத்தில். பிறகு யார் வெயிலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்கள்? உறைவிந்து வந்த பிறகு காளைப் பக்கத்துச் சிக்கல் பெருமளவு குறைந்துவிட்டது. பசுப் பக்கத்துச் சிக்கல் அப்படியே நிற்கிறது.

பருவத்துக்கு வந்ததே தெரியாமல் போவது தனி. வர்ஜீனியாவில் ஹோல்ஸ்டீன் மாடுகளைக் கணக்கெடுத்தபோது, ஒரு பருவத்தில் மற்ற மாடு மேல் ஏற நின்றுகொடுப்பது குளிர்காலத்தில் சராசரியாக 8.6 தடவை, கோடையில் 4.5 தடவை. வெயிலில் எந்த மாட்டுக்குத்தான் குதிக்கத் தெம்பு இருக்கும்? இதைத்தான் ஊமைப் பருவம் என்கிறார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து போய்விடும், விடிந்து பார்த்தால் மாடு சாதுவாக அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

இனி முடிக்கு வருவோம். கரீபியனில் செயின்ட் குரோய் என்று ஒரு சின்னத் தீவு. அங்கே செனிபோல் என்று ஒரு செம்மாட்டு இனம், வழவழவென்று குட்டை முடியோடு இருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவின் என்டாமா மாட்டோடு இங்கிலாந்தின் ரெட் போல் காளையை 1918 வாக்கில் சேர்த்ததில் வந்தது என்பது அந்த இனத்தின் குலக்கதை. பிற்பாடு மரபணுவைப் பார்த்தால் ஆப்பிரிக்க அம்சம் மிகமிகக் குறைவு, பெரும்பகுதி ஐரோப்பியம், கொஞ்சம் திமில் மாடு. குலக்கதைகள் எல்லாம் அப்படித்தான் போலும். போர்ட்டோ ரிக்கோவிலும் இதே மாதிரி வழவழ முடியுள்ள ஹோல்ஸ்டீன் மாடுகள் இருந்தன, அவற்றை அங்கே மொட்டை என்ற அர்த்தத்தில் கூப்பிடுவார்கள். இந்த முடி ஒரே ஒரு மரபணுவின் வேலை என்று 2003 வாக்கில் தெரிந்தது. ஆனால் எந்த மரபணு?

விடை வந்தது சம்பந்தமே இல்லாத நியூசிலாந்திலிருந்து. அங்கே ஒரு காளைக்குப் பிறந்த கிடேரிகள் கரடி மாதிரி முடி வளர்ந்து, வெயிலில் தவித்து, கன்று போட்டும் பால் சுரக்காமல் நின்றன. ஏன் என்று தேடியதில், பால் சுரப்புக்கான புரோலாக்டின் ஹார்மோன் மரபணுவிலேயே பழுது இருந்தது. அப்படியானால் முடி குறைந்த செனிபோலில் என்ன என்று பார்த்தார்கள். அந்த ஹார்மோனை ஏற்கும் ஏற்பி மரபணுவில் ஒரே ஒரு எழுத்து காணாமல் போயிருந்தது! 2014இல் இரண்டையும் சேர்த்தே வெளியிட்டார்கள். போன்ஸ்மா கையில் தேய்த்துப் பார்த்த முடிக்கும் மடிக்கும் உடம்புக்குள்ளே ஒரே தபால்காரர்தான் என்று ஆனது. 2022இல் மரபணுத் திருத்தம் செய்து இந்த வழவழ முடியைக் கொடுத்த இறைச்சி மாடுகளுக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ ஆபத்துக் குறைவு என்று சொல்லி வழிவிட்டது.

முடியை மாற்றினால் பசுவின் உடம்பு சூடாவது குறையும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் திமில் மாட்டின் சங்கதி முடியோடு நிற்பதில்லை. அதன் கருவே சூடு தாங்கும். விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்தில் ஹோல்ஸ்டீன் கருக்களையும் பிராமன், நெலோர் கருக்களையும் 41 டிகிரியில் வைத்துப் பார்த்தார்கள். பசுவே இல்லை, வெறும் கண்ணாடித் தட்டு. அங்கேயும் திமில் இனக் கருக்களே அதிகம் பிழைத்தன. பிரேசில் இறைச்சிச் சந்தையையே தூக்கி நிறுத்தியிருக்கும் அந்த நெலோர் வேறெதுவும் இல்லை, பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கத்து ஓங்கோல் மாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறிப் போனது. 1960களின் தொடக்கத்திலும் இங்கிருந்து நல்ல காளைகளைத் தேடி வாங்கிப்போனார்கள். நாம் அதே காலகட்டத்திலும் அதன் பிறகும் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் விந்தை இறக்குமதி செய்து கலந்துகொண்டிருந்தோம். பால் வேண்டியிருந்தது, கிடைத்தது, அதை மறுக்க முடியாது. அந்தப் பாலைத் தரும் மாடுதான் வைகாசியில் மூணு ஊசிக்கும் நிற்காமல் இருக்கிறது. உள்ளூர் ரத்தம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று யாரும் கேட்காமலே அதற்கு நாலாவது ஊசியும் போடுகிறார்கள்.