"எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை": முட்டிக்குள் இருக்கும் கட்டிகளைப் பார்க்கக் கற்றுக்கொண்ட கதை

ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்குகிற பேருந்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவராவது கண்ணில் படுவார். ஜவ்வாது மலையில் ஆயுசு முழுக்க ஏறி இறங்கிய கால். கேட்டால் "தேய்மானம்" என்பார். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் சிலருக்கு மட்டும் கதை வேறு. நடந்துகொண்டே இருக்கும்போது முட்டி சட்டென்று பூட்டிக்கொள்ளும். நீர் கோர்த்து வீங்கும். தடவிப் பார்த்தால் உள்ளே ஏதோ ஒன்று விரலுக்கு அகப்பட்டு நழுவும். கீழே போய் எக்ஸ்ரே எடுத்தால் "ஒண்ணும் இல்லப்பா" என்று அனுப்பிவிடுவார்கள்.

அந்த "ஒண்ணும் இல்ல" எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

மூட்டுக்குள் கல் மாதிரி ஏதோ உருவாகிறது என்பது பழைய செய்தி. பிரான்ஸ் நாட்டு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே 1558இல் ஒரு முட்டியிலிருந்து பாதாம் பருப்பளவு கட்டியான பொருளை எடுத்தார். நழுவி ஓடுவதால் ஐரோப்பிய மருத்துவர்கள் பிற்பாடு இதற்கு "மூட்டு எலி" என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் அந்தக் காலத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய ஒரே வழி, வெட்டித் திறப்பதுதான். கிருமிநாசினி இல்லாத காலத்தில் முட்டியைத் திறந்தால் சீழ் பிடிக்கும். காலோ உயிரோ போகும்.

1895 நவம்பரில் ரோன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். திறக்காமலே பார்க்க வழி பிறந்தது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1934இல் பெர்னார்ட் கதிரியக்க நிலையம் திறக்கப்பட்டது. ஆனால் எக்ஸ்ரே காட்டுவது சுண்ணாம்பை. எலும்பு தெரியும், சுண்ணாம்பு படிந்த கட்டி தெரியும். குருத்தெலும்பும் மூட்டுச் சவ்வும் நீரும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிடும்.

நம் ஊர்ப் பக்கம் எக்ஸ்ரே நன்றாகவே காட்டிக்கொடுத்த ஒன்று உண்டு: நரம்புச் சிலந்தி. படிக்கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் நுண்ணிய நீர்ப்பூச்சி வழியாக உடம்புக்குள் போகும் புழு இது. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துக் காலில் கொப்புளம் கட்டி வெளியே வரும். பெண் புழு ஒரு மீட்டர் வரை வளரும். சில புழுக்கள் வெளியே வராமல் உள்ளேயே, சில சமயம் மூட்டை ஒட்டியே, செத்துச் சுண்ணாம்பாகிவிடும். படத்தில் சுருண்ட வெள்ளை நூல் மாதிரி தெரியும். இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் பதிவானார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டுக்குச் சான்று கொடுத்தது. தமிழ்நாடு அதற்கு வெகு முன்பே விடுபட்டுவிட்டது. இன்றைக்கு அந்த வெள்ளை நூலைப் பார்த்தால் இளம் மருத்துவர் பலருக்கு அடையாளம் தெரியாது. நல்ல விஷயம்தான்!

எக்ஸ்ரேயில் சிக்காதவைதான் தொந்தரவு. மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, அரிசி மணிகள். மூட்டில் காசநோய் நாள்பட்டு இருந்தால் சவ்விலிருந்து சிறு சிறு துணுக்குகள் உதிர்ந்து, வேகவைத்த அரிசி மாதிரி நூற்றுக்கணக்கில் சேரும். முடக்குவாதத்திலும் வரும். சுண்ணாம்பு இல்லாததால் எக்ஸ்ரேக்குத் தெரியாது.

இரண்டாவது, சவ்வே குருத்தெலும்பு முடிச்சுகளை உண்டாக்கும் நோய். பாரே எடுத்தது இந்த வகை என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். 1977இல் மில்கிராம் என்பவர் இதை மூன்று கட்டமாகப் பிரித்தார்: முதலில் முடிச்சு சவ்வுக்குள்ளேயே இருக்கும், பிறகு சவ்விலும் இருக்கும், உதிர்ந்தும் கிடக்கும், கடைசியில் சவ்வு ஓய்ந்துவிடும், உதிர்ந்தவை மட்டும் மிஞ்சும். சுண்ணாம்பு படியாத வரைக்கும் எக்ஸ்ரேயில் ஒன்றும் இருக்காது.

மூன்றாவதுதான் கொடுமை. சவ்வு தடித்து, அடிக்கடி ரத்தம் கசிந்து, துருப்பிடித்த பழுப்பு நிறமாகும் கட்டி. உருவம் பயமுறுத்துவதால் இதைப் புற்று என்று எண்ணிக் காலையே எடுத்திருக்கிறார்கள். 1941இல் அமெரிக்காவில் ஜாஃபே, லிக்டென்ஸ்டீன், சுட்ரோ ஆகிய மூவர்தான் இது உடம்பெங்கும் பரவிக் கொல்லும் வகை இல்லை என்று தெளிவாக எழுதினார்கள். பெயர் தப்பாகப் போனால் கால் போகும். இந்தச் சரித்திரத்தில் பணயமாக இருந்தது அதுதான்.

சரி, சாம்பலைப் பிரித்துப் பார்ப்பது எப்படி? இங்கே கதை சென்னைக்கு வருகிறது.

ஜி. என். ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-55இல் கொலாஜனின் முப்புரி வடிவத்தைக் கண்டுபிடித்தவர். தசைநார், குருத்தெலும்பு, எலும்பு எல்லாவற்றுக்கும் கயிறு அதுதான். அவரே பெங்களூர் போன பிறகு, 1971இல் ஏ. வி. லட்சுமிநாராயணனோடு வேறொரு கட்டுரை எழுதினார். பல கோணங்களில் எடுத்த நிழல்களிலிருந்து உள்ளிருக்கும் வடிவத்தைத் திரும்பக் கட்டுவது எப்படி என்பது அதன் விஷயம். நிழல்களை அப்படியே திருப்பிப் போட்டால் படம் மங்கிக் குழம்பும். முதலில் ஒவ்வொரு நிழலையும் ஒரு கணக்கால் வடிகட்டிவிட்டுப் பிறகு போட்டால் தெளியும். ஃபூரியே மாற்றம் என்கிற நீண்ட கணக்கைச் சுற்றிவர வேண்டியதும் இல்லை. அதே 1971 அக்டோபரில் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவியில் முதல் நோயாளிக்கு சி.டி. எடுத்தார்கள். அந்தக் கருவி வேறு கணக்கில் ஓடியது. பிறகு வந்தவை வடிகட்டும் முறைக்கு மாறின. அந்த வடிப்பானுக்கு "ராம்-லாக்" என்றே பெயர். 1979 நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் போனது. மூட்டு எதனால் ஆனது என்று சொன்னவரே மூட்டைக் குறுக்காகப் பார்க்கவும் கணக்குக் கொடுத்தார் என்பதை நம் ஊரில் எத்தனை பேர் சொல்கிறோம்?

மென்மையான பாகங்களைப் பிரித்தது எம்.ஆர்.ஐ. அது சுண்ணாம்பைத் தேடுவதில்லை. தண்ணீரும் கொழுப்பும் காந்தத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்கிறது. அரிசி மணிகள் நீருக்குள் தனித்தனியாகத் தெரியும். ரத்தம் கசிந்த கட்டியில் தங்கிய இரும்பு காந்தப் புலத்தையே கலைப்பதால், அந்த இடம் கறுத்து, இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். துருவே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆனால் கறுப்பு தெரிந்தால் உடனே பெயர் சொல்லிவிட முடியாது. ரத்தம் உறையாத நோய் உள்ளவரின் மூட்டும் அப்படிக் கறுக்கும். காசநோயும் வேறு நோய்போல வேஷம் போடும். எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, வீட்டில் யாருக்காவது காசம் இருந்ததா என்று கேட்டாக வேண்டும். தேவைப்பட்டால் துணுக்கு எடுத்துச் சோதித்தாக வேண்டும்.

இதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வு மையம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தபோது, மறைப்புக்கு முன்னும் பின்னும் அந்த நட்சத்திரத்தின் ஒளி சில முறை மங்கியது. வளையத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. மங்கலை வைத்துத்தான் வளையம் இருப்பது தெரிந்தது. அந்த மங்கலைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று.

அங்கே யாரும் "படத்தில் தெரியவில்லை, ஆகவே இல்லை" என்று சொல்லவில்லை. மலையிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இறங்கி வருகிற முட்டிக்கும் அந்த நியாயம் வேண்டும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால், எக்ஸ்ரேக்குத் தெரிகிற எதுவும் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். முட்டி பூட்டிக்கொண்டே இருந்தால், வீக்கம் வடியாமலே இருந்தால், உருவிவிட்டுக்கொண்டு காலம் தள்ளாமல் "அடுத்து என்ன படம் எடுக்கணும்?" என்று கேட்கலாம். தப்பே இல்லை.