கற்பூர மரங்களின் கீழ் ஒரு நடை



ஆசிரியர் ஒருவர் தாம் சொல்லிக் கொடுத்த பிழையைத் தாமே திருத்த வேண்டிய நாள் எப்படியும் ஒருமுறை வந்தே தீரும். எனக்கு அந்த நாள் கெப்போங் காட்டில் வந்தது.

2008ஆம் ஆண்டு. ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் முப்பது பேரைக் கல்விச் சுற்றுலாவாக மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்திற்கு அழைத்துச் சென்றிருந்தோம். ஃப்ரிம் என்றால் கோலாலம்பூர் வட்டாரப் பெற்றோருக்கு உடனே விளங்கும். தலைநகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவு. ஏற்ற இறக்கம் மிகுதியில்லாத பாதைகள். சலசலத்து ஓடும் குரோ ஆறு. வானை மறைக்கும் மரங்கள். சிறு பிள்ளைகளும் முழங்கால் வலியுள்ள ஆசிரியர்களும் சேர்ந்து நடப்பதற்கு இதைவிட ஏற்ற இடம் அருகில் இல்லை.

மரத்தடியில் பிள்ளைகளை நிறுத்தி, "மாணவர்களே, இது மனிதர் கைபடாத ஆதிக்காடு" என்று பெருமிதத்தோடு முழங்கினேன். முப்பது பேரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். பிள்ளைகள் ஆற்றங்கரைக்கு ஓடிய பிறகு, எங்களுக்கு வழிகாட்டியாக வந்த பெரியவர் மெல்ல அருகில் வந்தார். பிள்ளைகள் எதிரில் என்னைத் திருத்தக்கூடாது என்று காத்திருந்திருக்கிறார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது நட்ட காடு. முன்ன இங்க ஈயக்குட்டைதான்" என்றார்.

வீடு திரும்பியதும் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெப்போங் நிலத்தின் பெரும்பகுதி ஈயம் தோண்டி எடுக்கப்பட்ட நிலமாகும். ஈயச் சுரங்கம் ஒரு நிலத்தை என்ன செய்யும் என்பதைக் கிந்தாப் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணை நீரால் அடித்துக் கரைத்து, கனமான ஈயத்தாதுவைப் பிரித்தெடுத்துவிட்டு மற்றவற்றை வெளியே தள்ளுவார்கள். வளமான மேல்மண் நீரோடு போய்விடும். எஞ்சுவது வெள்ளை மணலும் சேறும் குட்டையுமே. வெயிலில் கொதிக்கும் அம்மணலில் லாலாங் புல் வளர்வதே பெரிய காரியம்.

அப்படிப்பட்ட நிலத்தைத்தான் 1926இல் வன ஆய்வுக்கென்று தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தவர் ஃபாக்ஸ்வொர்த்தி என்னும் அமெரிக்கத் தாவரவியல் அறிஞர். அன்றைய கூட்டு மலாய் மாநிலங்களின் வன ஆய்வு அதிகாரி. 1929இல் ஆய்வுக்கழகம் நிறுவப்பட்டது. உள்நாட்டு மரங்களை அந்த மணலிலேயே நட்டு வளர்த்துப் பார்த்தார்கள்.

இது சொல்வதற்கு எளிது. நம் காட்டின் பெருமரங்களான மெராந்தி, கெருயிங், கபூர் முதலியவை ஆண்டுதோறும் காய்ப்பவை அல்ல. சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் காடே சேர்ந்து பூக்கும். விழும் விதைகளை நெல்லைப் போல் மூட்டை கட்டி வைத்திருக்கவும் இயலாது. சில வாரங்களில் அவை முளைக்கும் திறனை இழந்துவிடும். விதை விழும் பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த பூப்பு வரையில் காத்திருக்க வேண்டியதுதான். நடுபவர் தம் வாழ்நாளில் அம்மரத்தின் முழு உயரத்தைக் காணவும் மாட்டார். ஆண்டு இறுதித் தேர்வு முடிவை வைத்தே எல்லாவற்றையும் அளந்து பழகிய எனக்கு இச்செய்தி சற்று உறுத்தியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இடையில் சப்பானியர் ஆட்சி வந்தது, போனது. நாடு விடுதலை பெற்றது. 1985இல் இக்கழகம் தனி வாரியத்தின்கீழ் வந்தது. மரங்கள் வளர்ந்துகொண்டே இருந்தன. 2025 சூலையில் யுனெஸ்கோ இவ்வனப் பூங்காவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம் நாட்டின் ஆறாவது சின்னம் இது. முலு, கினபாலு போன்ற இடங்கள் இயற்கைக்காகப் பட்டியலில் இடம்பெற்றவை. கெப்போங் இடம்பெற்றதோ மனிதர் கெடுத்த நிலத்தை மனிதரே காடாக்கிக் காட்டியதற்காக. நான் அன்று பிள்ளைகளிடம் சொன்னதற்கு நேர் எதிரான காரணம்!

இப்போது பிள்ளைகளை அழைத்துச் சென்றால், முதலில் கபூர் மரங்களிடம் நிறுத்துவேன். அண்ணாந்து பார்த்தால், ஒரு மரத்தின் உச்சி அடுத்த மரத்தின் உச்சியைத் தொடாமல் விலகி நிற்கும். இடைவெளிகளில் வானம் தெரியும். நிலநூல் வரைபடத்தில் ஆறுகள் கிளை பிரிவதைப் போல் இருக்கும். காற்றில் கிளைகள் ஒன்றோடொன்று உரசி முறிவதால் இவ்வாறு ஆகிறது என்று முன்பு எண்ணினார்கள். 1970களில் இதே கெப்போங்கில் ஆய்ந்த பிரான்சிஸ் இங் உரசலுக்கான அடையாளத்தைக் காணவில்லை. வளரும் நுனிகள் ஒளி குறைவதை உணர்ந்து நின்றுவிடுகின்றன என்பது அவர் கருத்து.

பிறகு, கீழே விழுந்து கிடக்கும் பச்சை இலை ஒன்றை எடுத்துக் கசக்கி முகர்ந்து பார்க்கச் சொல்வேன். "மண்ணெண்ணெய்!" என்பான் ஒருவன். "இல்லை ஐயா, சாமி அறை வாசம்" என்பாள் ஒருத்தி. இருவரும் சரியே. கபூர் என்பது கற்பூரம்தான். இம்மரத்தின் வைரத்தில், வெடிப்புகளினூடே, படிகமாக உறைவதே பழைய கற்பூரம். எல்லா மரத்திலும் அது இருக்காது. வெட்டிப் பிளந்தால்தான் தெரியும். ஆதலால் அது மிக விலையுயர்ந்த பொருளாக இருந்தது. (இன்று நாம் கடையில் வாங்கி ஏற்றும் சூடம் பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்யப்படுவது.) சொகூர்க் காடுகளில் கற்பூரம் தேடிச் சென்ற பூர்வகுடியினர், தேடல் முடியும் வரையில் அன்றாடச் சொற்களை விலக்கி, அதற்கென்றே தனி மொழி பேசினார்கள். கற்பூரத்தை அதன் பெயரால் அழைத்தால் அது மறைந்துவிடும் என்பது நம்பிக்கை. மொழி ஆசிரியர்கள் வகுப்பில் சொல்வதற்கு இதைவிடச் சுவையான செய்தி வேண்டுமா?

மலாய் மொழியில் நல்ல கற்பூரத்தைக் 'கபூர் பாருஸ்' என்பர். பாருஸ் என்பது சுமத்திராவின் மேலைக்கரையில் உள்ள ஊர். அதன் அருகே லோபு துவா என்னுமிடத்தில் 1873இல் ஒரு கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. அதன் மொழி தமிழ். காலம் சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. வெட்டியவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர். ஊரின் பெயரை 'வாரோசு' என்று தமிழாக்கி எழுதியிருக்கிறார்கள். அத்துறைக்கு வரும் மரக்கலத்தார் செலுத்த வேண்டிய கட்டணம் பற்றியது அக்கல்வெட்டு. 1932இல் வரலாற்றறிஞர் நீலகண்ட சாத்திரியார் இதனைப் பற்றி விரிவாக எழுதினார். கெப்போங்கில் மரங்கள் இன்னும் இளங்கன்றுகளாக இருந்த காலம் அது.

தோட்டப்புறத்து ரப்பர் மரத்தோடுதான் இம்மண்ணில் நம் வரலாறு தொடங்குகிறது என்று நம் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். தோட்டத்து வரலாறு குறைந்ததன்று. ஆனால், அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இன்னொரு மரத்தின் மணம் தமிழரை இக்கடல் கடந்து அழைத்திருக்கிறது.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த நாளில், "காட்டிற்குப் போவதால் எத்தனை 'ஏ' கிடைக்கும், ஐயா?" என்று ஒரு தந்தை என்னைக் கேட்டதுண்டு. அன்று எனக்கு மறுமொழி தெரியவில்லை. அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. கேள்வி மட்டும் வேறு வேறு வடிவங்களில் வந்துகொண்டிருக்கிறது. அட்டை கடிக்குமா, மழை பெய்யுமா என்று கேட்கும் தாய்மார்களுக்கு மட்டும் உறுதியாக மறுமொழி சொல்வேன்: இரண்டும் நடக்கலாம்.

2008இல் வந்த முப்பது பேரை மீண்டும் ஒரே வகுப்பில் உட்கார வைக்க என்னால் இயலாது. அவர்களுள் ஒரு மாணவி, யுனெஸ்கோ செய்தி வெளிவந்த வாரம், "ஐயா, நீங்கள் காட்டிய ஆதிக்காட்டிற்கு உலகப் புகழ் கிடைத்துவிட்டது!" என்று புலனத்தில் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார். பதினேழு ஆண்டுகளாக அவர் மனத்தில் என் பிழை பத்திரமாக இருந்திருக்கிறது. அன்றிரவே, ஈயக்குட்டை தொடங்கி எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். நெடுநேரம் கழித்து மறுமொழி வந்தது. நான்கு வயது மகனைப் பள்ளி விடுமுறையில் அங்கே அழைத்துச் செல்லலாமா, அவ்வளவு தூரம் நடப்பானா என்று கேட்டிருந்தார்.

தாராளமாக நடப்பான் என்று எழுதினேன். காலையிலேயே போய்விடச் சொன்னேன். பிற்பகலில் மழை வரும். மாற்றுடை இரண்டு வேண்டும், ஆற்றைக் கண்டால் இறங்காமல் இருக்கமாட்டான். கபூர் இலையை மறவாமல் அவன் கையில் கொடுத்துக் கசக்கச் சொல்லுமாறும் கேட்டுக்கொண்டேன்.