ஈயச்சொம்பும் ஈயப்புகையும்



நம்ம பாட்டிமார் ஈயச்சொம்புலே ரசம் வச்சாங்க. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிச் சமைச்சாங்க. ஒரு கெடுதலும் வரவில்லை. அந்த ஈயம் வெள்ளீயம். அதைத் தேடித்தான் 1857ஆம் ஆண்டில் 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறி வந்து, அம்பாங் காட்டில் சுரங்கம் வெட்டினர். காய்ச்சல் பலரைப் பலி கொண்டது. ஆயினும் கோலாலம்பூர் பிறந்தது.

இத்தனை சாதுவான உலோகம் நஞ்சாகுமா? ஆகும். நல்ல பிள்ளையும் சேர்க்கையால் கெடுவதில்லையா, அது போலத்தான். வெள்ளீய அணுவோடு கரிமத் தொகுதிகள் நேராகப் பிணைந்தால் அதன் குணமே மாறிவிடும். அப்படி மூன்று தொகுதிகள் சேர்ந்தால், உயிரணுவுக்குள் புகுந்து, உணவைச் சக்தியாக்கும் வேலையையே முடக்கிவிடும்.

1954இல் பிரான்ஸ் நாட்டில் கொப்புளத்துக்குக் கொடுத்த 'ஸ்டாலினான்' என்னும் மருந்தில் இவ்வகை நஞ்சு கலந்திருந்தது. சுமார் நூறு பேர் மாண்டனர். அதே வகை நஞ்சு பயிரைக் கெடுக்கும் பூஞ்சைக்கும் எமன் என்பதால் விவசாய மருந்தாகவும் ஆனது. நமது மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வி. ஜி. குமார் தாஸ் இச்சேர்மங்களை ஆராய்ந்தார்.

கிள்ளான் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களைப் பார்த்திருப்பீர்கள். அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டினால் வேகம் குறையும், எண்ணெய்ச் செலவு கூடும். அதைத் தடுக்க 1960களிலிருந்து உலகக் கப்பல்களுக்கு இந்த வெள்ளீயச் சாயம் அடித்தனர். அது கடலில் கரைந்தது. பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு நசிந்தது. பல கடல்களில் நத்தைகள் மலடாயின. 2001இல் உலக நாடுகள் தடை உடன்படிக்கை செய்தன. 2008இல் அது அமலுக்கு வந்தது.

அதே குடும்பத்துக் காரீயத்தின் கதை இதைவிடக் கொடுமை. நான்கு எத்தில் தொகுதிகள் சேர்ந்த காரீயத்தைப் பெட்ரோலில் கலந்தால் எஞ்சின் தட்டாமல் ஓடும் என்று 1921இல் அமெரிக்காவில் கண்டனர். 1924இல் நியூ ஜெர்சி ஆலை ஒன்றில் ஐந்து தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்தார்கள். வியாபாரம் நின்றதா? இல்லையே! உலகமெங்கும் பெட்ரோல் புகையோடு காரீயத் துகளும் பரவியது. நம்ம பிரிக்பீல்ட்ஸ் வீதியிலே பள்ளிக்கு நடந்த பிள்ளைகளும் அந்தக் காற்றைத்தானே சுவாசித்தார்கள்? காரீயம் இரத்தத்தில் ஏறினால் பிள்ளைகளின் மூளை வளர்ச்சி குன்றும். மலேசியா 1985இல் பெட்ரோலில் அதன் அளவைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் அதன் விற்பனையை நிறுத்தியது.

எண்ணிப் பாருங்கள்: ஐந்து பேர் மாண்டதற்கும் கார்கள் அதை அடியோடு கைவிட்டதற்கும் இடையே 97 ஆண்டுகள்! முதலில் உயிரை விலையாகக் கொடுத்தவன் கூலிக்கு உழைத்தவன். அடுத்து, ஏதும் அறியாத குழந்தை.

ஆகவே மாணவச் செல்வங்களே, வேதியியலைப் பரீட்சைக்கு மட்டும் படிக்காதீர்கள். அப்பா தோட்டத்தில் மருந்தடிக்கக் கிளம்பும்போது, அந்த டின்னில் எழுதியிருப்பதைப் படித்து அர்த்தம் சொல்லுங்க. பெற்ற கல்விக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறில்லை.