குழல் நிரைகளைக் கூட்டும் கலை

ஆர்மோனியப் பெட்டியின் முகப்பில் வரிசையாக அமைந்த குமிழ்களை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். 'ஸ்டாப்' எனப்படும் அவற்றுள் ஒன்றை இழுத்தால் உள்ளே ஒரு பகுதிக்குக் காற்றுச் செல்லும், தள்ளினால் அடங்கும். இப்பெயரும் ஏற்பாடும் ஐரோப்பியத் தேவாலயங்களின் குழல் ஆர்கனிலிருந்து வந்தவை. ஆர்மோனியத்திற் குமிழ்கள் சிலவே. ஆதலின் நம்மவர் பலர் எல்லாவற்றையும் இழுத்துவிட்டு வாசிக்கத் தொடங்கிவிடுகின்றனர்! பேரார்கனிலோ ஐம்பது, அறுபது குமிழ்களும் உண்டு. எதனை எதனோடு கூட்டுவது என்பதே அங்கு ஒரு தனிக் கலை.

ஒரு குமிழுக்குப் பொதுவாக ஒரு குழல் நிரை. அதன் மிக நீண்ட குழலின் அளவால் நிரைக்குப் பெயரிடுவர். 8 அடி நிரை எழுதிய சுரத்தையே ஒலிக்கும். 16 அடி ஒரு ஸ்தாயி கீழே, 4 அடி ஒரு ஸ்தாயி மேலே, 2 அடி இரண்டு ஸ்தாயி மேலே. ஆனால் 2⅔ அடி நிரையில் ஷட்ஜத்தை அழுத்தினால் மேல் ஸ்தாயிப் பஞ்சமம் எழும். 1⅗ அடியில் அதற்கும் மேலான அந்தர காந்தாரம் எழும். இவற்றைத் தனியே கேட்பவர் கருவி பழுதென்றே எண்ணுவர். எனினும் 8, 4, 2⅔, 2, 1⅗ ஆகிய ஐந்தையும் ஒருங்கே கூட்டினால், ஐந்தும் கரைந்து கணீரென்ற ஒரே குரலாகிவிடும். பிரெஞ்சுக்காரர் இதனைக் 'கார்னே' என்பர். எட்டை ஒன்று முதல் ஐந்து வரையுள்ள எண்களால் வகுத்துப் பார்த்தால் இதன் சூட்சுமம் விளங்கும். தம்பூராவின் மந்தரத் தந்தியில் தானே எழும் காந்தாரத்தைக் கேட்டுப் பழகிய செவிக்கு இது புதிதன்று.

இக்கலையை மாணவன் எங்ஙனம் கற்றான்? ஆசிரியரின் அருகே நின்று, அவர் கை எக்குமிழை நாடுகிறது என்று பார்த்தே கற்றான். பாரிஸ் நகரத்தார் இதனை ஏட்டிலும் ஏற்றினர். 1665இல் நிவேர் தம் ஆர்கன் நூலில் கூட்டுமுறைகளை எழுதினார். 1676இல் லெபேக் ஒரு படி மேலே சென்றார். பாரிஸுக்கு வந்து கேட்க வாய்ப்பில்லாத தொலைவூர் வாசிப்பாளர்க்காகவே எழுதுவதாக முன்னுரையிற் கூறினார். ஊரைவிட்டு நெடுந்தொலைவு வாழும் நமக்கு அவ்வுள்ளத்தின் அருமை சொல்லாமலே விளங்கும். வேண்டிய நிரைகள் இல்லாத கருவியில் தம் உருப்படிகள் சில பயன்படா என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. பின்னர், 1766 முதல் 1778 வரை வெளிவந்த தோம் பெதோ என்னும் துறவியின் பெருநூல் இம்முறைகளை விரிவாகத் தொகுத்தது. பிரெஞ்சு ஆர்கன்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தமையால், எழுதிய விதி ஊர்தோறும் செல்லுபடியாயிற்று.

செர்மானிய நாட்டில் அவ்வாறன்று; ஊருக்கொரு வகை ஆர்கன். அங்கு வாழ்ந்த யோகான் செபாஸ்தியன் பாக் தம் ஆர்கன் இசையில் குமிழ்க் குறிப்புகளை மிக அரிதாகவே எழுதினார். விவால்டியின் இசையைத் தழுவிய ஓர் உருப்படியில், இரு கைகளுக்கும் 4 அடி நிரை மட்டுமே என்று தொடக்கத்தில் அவர் குறித்திருப்பது விதிவிலக்கு. மேல்நிலைச் சுரம் கட்டைவரிசையின் எல்லையைத் தாண்டியதால், கீழே வாசித்து மேலே ஒலிக்கச் செய்த உபாயம் அது!

பாக் 1750இல் மறைந்தார். அவர் தமக்கே உரிய முறையில் குமிழ்களை இழுக்கும்போது, ஆர்கன் செய்தவர்களே அஞ்சுவர் என்றும், ஒலி எழுந்தபின் வியப்பர் என்றும் மகன் கார்ல் பிலிப் எமானுவேல் 1774இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அக்கலை தந்தையோடே மறைந்தது என்பதும் அவர் கூற்று. மகனும் மாணவரும் பக்கத்தில் இருந்தும் நேர்ந்த இழப்பு இது.

ஆகவே இன்று பிரெஞ்சு இசையை வாசிப்பவர் லெபேக்கின் முன்னுரையைப் புரட்டுகிறார். பாக்கை வாசிப்பவர்க்கு அத்தகைய ஏடில்லை. 1746இல் பாக் நேரிற் சென்று சோதித்த ஆர்கன் நௌம்பூர்க் நகரில் இன்னும் ஒலிக்கிறது. அதன்முன் அமர்பவர் ஒரு குமிழை இழுக்கிறார், மண்டபத்தில் ஒலி அடங்கும்வரை செவிசாய்க்கிறார், மீண்டும் உள்ளே தள்ளி வேறொன்றை இழுக்கிறார்.